பெரிய வண்டி அக்கா

தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் கடைக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "என்னக்கா, பால்குடம் எடுத்துட்டீகளா?" என்று கேட்டார்.

"பாலு இல்லண்ணே, பச்சத்தண்ணி. ஆமத்தூர் போயிட்டு வாறதுக்குள்ள எம்புட்டுச் சிந்துதுன்னு பாக்கணும்" என்றவர், என் முதுகில் தட்டினார். "ஓட்டு தம்பி. பள்ளத்த ஒதுக்காத. பள்ளத்துலயே விடு."

ஓட்டினேன். திரும்பி வந்தபோது அவர் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. இறங்கி, சொம்புக்குள் எட்டிப் பார்த்து, மிச்சத் தண்ணீரைக் கடையோரம் நின்ற வேப்பங்கன்றுக்கு ஊற்றினார். கொஞ்ச நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதிக்கு மேல போச்சு. எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு. அவுகள எப்பிடி இதுல ஏத்துறது? வேற வழி பாரு."

'அவுக' என்றது அவருடைய கணவரை. வண்டியும் கணவருடையதுதான். தாழ்ந்த சீட்டும், கைகளை அகட்டிப் பிடிக்கிற ஹேண்டில்பாரும், ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற உடம்புமாக எருமைக்கடா மாதிரி இருக்கும். அதை ஓட்டத் தொடங்கிய பிறகு ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய வண்டி அக்கா ஆகிவிட்டார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் அப்போது நான் மெக்கானிக் கடை வைத்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு அம்மா, கால் பெருவிரலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு அந்த வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தியதை முதல் தடவை பார்த்தபோது, வண்டி சாய்ந்துவிடும் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். சாயவில்லை. அவர்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். என் தங்கை திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தாள். அங்கே அவர் சூப்பர்வைசர். தங்கை வீட்டுக்கு வந்தால் பாதிப் பேச்சு அவரைப் பற்றித்தான் இருக்கும். அதில் ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கம்பெனியில் புதிதாக ஒரு பாக்கிங் ஷெட் போட்டார்கள். தகரக் கூரை. சித்திரை வெயில் தொடங்கியிருந்தது. ஆட்களை அங்கே மாற்றச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். அக்கா, "நாளைக்கு மாத்திருவோம் மொதலாளி" என்றிருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் காலிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு தனியாக அந்த ஷெட்டில் போய் உட்கார்ந்தவர், டீ வருகிறவரை பெட்டி மடித்துக்கொண்டிருந்தாராம். வெளியே வந்தபோது முகம் வெந்து சிவந்திருந்தது. நேராக முதலாளி அறைக்குப் போய், "ஒருக்கா வந்து உக்காந்துட்டுப் போங்க மொதலாளி, நான் வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லியிருக்கிறார். முதலாளி வந்து, கர்ச்சீப்பை எடுத்து, முகத்தைத் துடைத்து, எழுந்து போய்விட்டார். மறுநாள் கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கவும் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கவும் ஆள் வந்துவிட்டது.

அவருடைய குணமே அதுதான். அடுத்தவர் படவேண்டியது எதுவானாலும் முதலில் தன் உடம்பில் வாங்கிப் பார்த்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

அவர் கணவருக்கு ஆமத்தூரில் கரிசல் நிலம் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார். நல்ல உயரம். அந்த வண்டியில் அவர் சிவகாசிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் பஸ் டிரைவர்களே தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். ஒரு அறுவடையில் மூட்டை ஏற்றும்போது டிராக்டர் டிரெய்லரின் மேலேயிருந்து மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் அடி. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிரோடு வந்தார், கம்பு ஊன்றி நடக்கவும் செய்தார். ஆனால் மனிதர் மாறிப்போனார்.

இடுப்புக்கு மேலே இறுக்கமாகக் கட்டுகிற பெல்ட் ஒன்றைக் கொடுத்து, பகல் முழுவதும் போடச் சொன்னார் டாக்டர். கணவர் அதைப் போட்டதும் கழற்றி எறிந்தார். அக்கா திட்டவில்லை. அந்த பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தார். மூச்சுவிட முடியாமல் அவர் நெளிந்ததை என் தங்கை பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், பெல்ட் அறுக்கிற இடங்களிலெல்லாம் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துத் தைத்திருக்கிறார். அதற்கப்புறம் கணவர் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார். மெத்தை கூடாது, பலகைதான் என்றபோதும் அப்படித்தான். இன்னொரு பலகை வாங்கி, பக்கத்தில் போட்டு, தானும் அதிலேயே படுத்தார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். தன் உடம்பை அவர் இரவல் வாங்கிய சாமான் மாதிரி நடத்துவார்.

பிரச்சினை கணவர் வீட்டை விட்டு வெளியே வர மறுத்ததில்தான் வந்தது. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்த் திரும்பியபோது குலுங்கிய குலுக்கலில் கத்திவிட்டார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அதோடு சரி. காரில் குனிந்து ஏற முடியாது. யார் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டுக்குள்ளேயே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. "வெளியே கூட்டிட்டுப் போங்கம்மா, இல்லேன்னா மனசு கெட்டுப்போகும். குலுக்கல் மட்டும் ஆகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா விடாமல் கெஞ்சியபோது அவர், "வந்தா என் வண்டியிலதான் வருவேன். வேற எதுலயும் ஏற மாட்டேன்" என்றிருக்கிறார். ஓட்ட ஆள் இல்லாத வண்டி. பேச்சை முடிக்கச் சொன்ன பேச்சு அது.

அக்கா அதை வாக்காக எடுத்துக்கொண்டார். அதுவரை ஸ்கூட்டர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வண்டியைக் காட்டு ரோட்டில் ஓட்டிப் பழகினார். விழுந்தார், முட்டியைப் பேர்த்துக்கொண்டார், மறுபடியும் ஏறினார். ஓட்ட வந்துவிட்டது. நிறுத்தத்தான் வரவில்லை. கால் எட்டவில்லை. பின்னால் ஆள் இல்லாவிட்டால் எப்படியோ வண்டியைச் சமாளித்துவிடுவார். பின்னால் அவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால்?

சொம்புச் சோதனை தோற்றுப்போன சில நாளில் அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் ஹேண்டில்பாரில் எதையோ அமுக்குகிறார். வண்டி அப்படியே தாழ்ந்து தரையோடு உட்காருகிறது. இன்னொன்றை அமுக்க, எழுந்துகொள்கிறது.

"பாரு தம்பி, மாடு படுக்குற மாதிரி வண்டி படுக்குது. நிப்பாட்டும்போது படுத்துக்கிட்டா எனக்குக் கால் எட்டும். ஓடும்போது காத்து மேல ஓடுனா அவுகளுக்குக் குலுங்காது. இத மாட்டித் தாறியா?"

"நான் இதுவரைக்கும் மாட்டுனதே இல்லக்கா."

"நானும் அதுக்கு முன்ன இந்த மாதிரி வண்டிய ஓட்டுனதில்ல. இப்ப ஓட்டலையா?"

சாமான்கள் பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தன. சொல்லப்போனால் வேலை எளிதுதான். பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, ரப்பர் பை வைத்த ஷாக்குகளை அந்த இடத்தில் மாட்ட வேண்டும். பைக்குள் காற்று ஏறினால் வண்டியின் பின்பக்கம் உயரும், விட்டால் தாழும். காற்றடிக்க ஒரு சின்னக் கம்ப்ரஸர். ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான். கம்ப்ரஸருக்கு இடம் தேடித்தான் திண்டாடினேன். கடைசியில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு தகட்டை வளைத்து அடித்து, அதன்மேல் உட்கார வைத்தேன். காற்றுக்குழாயை முதலில் கொண்டுபோன வழியில் சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது இரும்பில் உரசியது. பிரித்து வேறு வழியாகக் கொண்டுபோனேன். சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தபோது ஒரு மூட்டில் குமிழ் விட்டது. அதையும் பிரித்து இறுக்கினேன்.

கம்பெனி விடுமுறை நாளெல்லாம் அக்கா கடையில்தான் இருந்தார். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தக் குழாய் பிய்ந்துகொண்டால்? இந்த வயர் அறுந்தால்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வண்டியை முதல் முறையாக இறக்கி, சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அது எதிர்ப்பக்கமாகச் சரியப் பார்த்தது. வண்டி தாழ்ந்ததும் ஸ்டாண்டு நீளமாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. எட்டிப் பிடித்தவர் அவர்தான். ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கிப் பற்றவைத்தேன்.

"சரி, காத்து மொத்தமா எறங்கிட்டா? ஓடிக்கிட்டு இருக்கும்போது?" என்று கேட்டார்.

"அப்பிடியெல்லாம் ஆகாதுக்கா."

"ஆகாதுன்னு எங்க கம்பெனியில ஒருத்தன் சொன்னா, அன்னைக்கே அவன வேலைய விட்டு நிப்பாட்டிருவோம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். "நீ அவுக ஒசரம். பின்னால ஏறு. எறக்கிப் பாப்போம்."

வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். காலை வெயிலில், ஆமத்தூர் தாண்டி இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நின்ற நேர்ரோட்டில், அவர் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னாலும் பின்னாலும் வண்டி எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். "எறக்குறேன்" என்றார்.

உஸ்ஸென்று சத்தம். அடிவயிறு கழன்ற மாதிரி பின்பக்கம் கீழே போனது. டயர் மட்கார்டின் உட்புறத்தில் போய் மோதி, கிரீச்சென்று தேய்ந்தது. ரப்பர் கருகிய வாடை. வண்டி இடமும் வலமும் ஆட, நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடி வண்டி தானாக ஓய்கிறவரை நேராகவே வைத்திருந்தார். நின்றது. நான் இறங்கினேன். ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் டயரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? இதுக்கு என்ன செய்யலாம் தம்பி?"

எனக்கு வந்த கோபத்தில் மரியாதை மறந்துபோனது. "என்ன செய்யலாமா? இப்ப உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? வீட்டுல கெடக்குற அண்ணாச்சிய யாரு பாத்திருப்பா? அத ஒருநாளாவது நெனச்சீகளா?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மக்காச்சோளக் கொல்லையைப் பார்த்தபடி நின்றார். 

"அத நெனைக்கலதான்" என்றார் கடைசியில். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவுகள பின்னால வச்சுக்கிட்டு இத மொதத் தடவையாத் தெரிஞ்சுக்கிடணுமா? சொல்லு" என்று கேட்டார்.

நான் எழுந்து, மட்கார்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

இரண்டு ஷாக்குகளிலும் காற்றுப் பைகளுக்குக் கீழே தடித்த ரப்பர் கட்டைகளை வைத்தேன். காற்று முழுவதும் போனாலும் வண்டி அதன்மேல்தான் வந்து உட்காரும். டயர் மட்கார்டைத் தொடாது. மறுபடியும் அதே ரோடு, மறுபடியும் நான் பின்னால். இந்தத் தடவை முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் வேகமாக என்று இறக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுச் செய்தார். பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு இடி இடிக்கும், அவ்வளவுதான். வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குச் சொம்பும் வந்தது. ஆமத்தூர் போய்த் திரும்பியபோது அதன் கழுத்துவரை தண்ணீர் நின்றது. அக்கா அதைக் கீழே ஊற்றாமல் அண்ணாந்து குடித்தார். எதிர்க்கடைக்காரர் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து, தை பிறந்திருந்தது. வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் கிடக்கிறது, அதைப் பார்க்கப் போவோம் என்று முடிவானது. முந்தின நாளே அக்கா தனியாக அந்த ரோட்டில் போய் வந்துவிட்டார். எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு உடைந்திருக்கிறது, எங்கே வேகத்தடை என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

காலையில் நானும் ஆமத்தூர் போயிருந்தேன். அண்ணாச்சியை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். உயரம் மட்டும்தான் மிச்சமிருந்தது. பெல்ட்டுக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டு, சவரம் செய்து, கம்போடு வாசலில் நின்றார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். அக்கா பொத்தானை அமுக்கினார். வண்டி அவர் காலடியில் தாழ்ந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலைத் தூக்கிப் போட்டு ஏறி, பின்சீட்டின் முதுகுச்சாய்வில் சாய்ந்துகொண்டார்.

"போய்ச் சேந்ததும் போன் போடுறேன்" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

போன் வரவில்லை. கடையில் எந்த வேலையும் ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் நானே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் வளைத்த தகடு, நான் இறுக்கிய மூட்டு, நான் வைத்த ரப்பர் கட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. கடையை இழுத்து மூடிவிட்டு என் வண்டியை எடுத்தேன்.

சிவகாசி தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு இடத்தில் கூட்டம் நின்றது. ரோட்டோரம் பத்துப் பதினைந்து பேர், நாலைந்து வண்டிகள்.  வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, ஆட்களை விலக்கிப் பார்த்தேன். ஒரு அம்மா பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். "என்னய்யா, தள்ளுற? எல்லாத்துக்கும் இருக்கு, நில்லு" என்றார். அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அணைக்கரைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் அந்த வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் காற்றிறங்கித் தரையோடு கிடந்தது. அக்காவைக் காணவில்லை. முன்சீட்டில் அண்ணாச்சி மட்டும் ஹேண்டில்பார்ப் பக்கம் தலை கவிழ்ந்து கிடந்தார்.

"அண்ணாச்சி!"

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் தலையைத் தூக்கினார். மயங்கிக் கிடக்கவில்லை. மீட்டர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா" என்றார். "தூசியா அப்பிக் கெடக்கு. இவ ஓட்டுறா, தொடைக்க மாட்டேங்கா."

"வண்டிக்கு என்ன ஆச்சு? காத்து எறங்கிக் கெடக்கே?"

"நாந்தான் எறக்கச் சொன்னேன். முன்னால உக்காரணும்னு இருந்துச்சு." இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருந்தன. கம்பு மரத்தில் சாய்ந்திருந்தது. "அரை மணிக்கு மேல இருக்கும். எந்திரிக்க மனசில்ல."

"வலி?"

"இருக்கு. வீட்டுல இருந்தப்ப இருந்த வலிதான். புதுசா ஒண்ணும் இல்ல."

 வேர்த்து ஒழுகிய சட்டையோடு புளிய வேரில் உட்கார்ந்தேன்.  அணைக்குள்ளிருந்து காற்று குளிர்ச்சியாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் கரையிலிருந்து அக்கா ஏறி வந்தார், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கால் நனைந்து. என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்தார்.

"ஐயோ, போனு பைக்குள்ள கெடக்கு தம்பி. அவுக பேசிக்கிட்டே வந்தாகளா, மறந்தே போச்சு." சொல்லும்போதே அவர் முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது. "வழியெல்லாம் பேச்சு. இந்தக் காடு யாருது, அந்தக் கெணறு எப்ப வெட்டுனாகன்னு. ஒரு வருசத்துப் பேச்சையும் இன்னைக்கே பேசிட்டாக."

அண்ணாச்சி எங்களைக் கவனிக்கவில்லை. ஹேண்டில்பாரில் இருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா, இத அமுக்கட்டா?"

"அமுக்குங்க."

அமுக்கினார். கம்ப்ரஸர் முனகியது. வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எழுந்தது. கால் சரியாகவே ஊன்றியிருந்தும், ஒரு கணம் மரத்தைப் பிடிக்கக் கை போனது. அப்புறம் அந்தக் கையும் ஹேண்டில்பாருக்கே வந்தது. அவர் சிரித்தார். சத்தம் போட்டுத்தான் சிரித்தார். சிரித்து முடித்து, ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏய்யா, இங்கனருந்து கோவில்பட்டி எம்புட்டுத் தூரம் இருக்கும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலைச் செருகலை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேக்குறாகல்ல, சொல்லு தம்பி" என்றார்.

"கிட்டத்தான் அண்ணாச்சி" என்றேன்.